பயணத்தை ரத்து செய்யும் முன்: பயங்கரவாதத்தின் கடனை அடைப்பது யார்?

2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்றார். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காஷ்மீர் போக அவர் ஜனவரியிலேயே ஏற்பாடு செய்திருந்தார். மே 9ஆம் தேதிக்கு ஆறு பேருக்கு விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஸ்ரீநகர் தால் ஏரியில் ஒரு படகு வீட்டுக்கு 20 ஆயிரம் ரூபாய் முன்பணமும் அனுப்பியிருந்தார்.

"ஹஜ்ரத், போகலாமா, இல்ல கேன்சல் பண்ணிடவா? டிவியைப் பாத்துப் பாத்து உம்மா அழுவுறாங்க. படகுக்காரர் வேற தெனம் போன் பண்றார். வாங்க வாங்கங்கிறார்" என்றார்.

மூன்று நாட்களுக்கு முன்புதான், ஏப்ரல் 22 அன்று, பஹல்காமுக்கு மேலே உள்ள பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். பெரும்பாலோர் மனைவி, பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்க வந்த ஆண்கள். மதம் எது என்று கேட்டுச் சுட்டார்கள் என உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர், பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சென்று பிழைத்துவந்த உள்ளூர் முஸ்லிம் இளைஞர்.

அந்தச் சகோதரருக்கு நாம் அன்று பதில் சொல்லவில்லை. "திங்கட்கிழமை பேசுவோம்" என்று மட்டும் சொன்னோம். அவர் ஃபத்வா கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் இதில் உயிர் பயம் இருக்கிறது, பணம் இருக்கிறது, முன்பின் பார்த்திராத ஒரு படகுக்காரரின் பிழைப்பும் இருக்கிறது. இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் எழும் என்பதால், அதைப் பற்றி நாம் தேடிப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பயத்தைப் பற்றி. ஒரு தாக்குதல் நடந்த பிறகு மனிதர்கள் புள்ளிவிவரம் பார்த்து முடிவெடுப்பதில்லை. கண்ணில் பதிந்த காட்சியை வைத்தே முடிவெடுக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் விபத்துக்குப் பலியானவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கும் மேல். ஆனாலும் ஏர்வாடிக்கோ நாகூருக்கோ காரில் கிளம்பும்போது எந்த உம்மாவும் அழுவதில்லை. நமக்குப் பழகிப்போன ஆபத்து ஆபத்தாகத் தெரியாது. யாரோ ஒருவன் வேண்டுமென்றே, முகத்தைப் பார்த்து, நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தைச் சுட்டான் என்பது வேறு. அது மனதை விட்டு இறங்காது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் பயமும் ஆளைக் கொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தில் ஏற அஞ்சி, நெடுந்தூரப் பயணங்களுக்கும் காரை எடுத்தார்கள். கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞர் அடுத்த 12 மாதங்களின் சாலை விபத்துக் கணக்கைப் பார்த்தார். வழக்கத்தைவிடச் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்திருந்தார்கள் என்று மதிப்பிட்டார். விமானத்துக்குப் பயந்து காரில் ஏறியவர்களின் மரணம் அது. எந்தப் பயங்கரவாதப் பட்டியலிலும் அந்த 1,500 பேர் இடம்பெறவில்லை.

இதில் நம் ஃபிக்ஹு நூல்களின் அணுகுமுறை கவனிக்கத் தக்கது. ஹஜ் கடமையாவதற்குரிய நிபந்தனைகளில் வழிப் பாதுகாப்பும் ஒன்று. வழியில் உயிருக்கோ பொருளுக்கோ அச்சம் இருந்தால் ஹஜ்ஜே கடமையாகாது. அந்த அச்சத்தை எப்படி அளப்பது? நம் கடலோர ஊர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் நவவி (ரஹ்) கடல் பயணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கடலில் கப்பல் மூழ்குவது அன்று சாதாரண நிகழ்ச்சி. ஆனாலும் பாதுகாப்பாகப் போய்ச் சேருவதே மிகைத்திருந்தால் கப்பலேற வேண்டும் என்பதே அங்கே தரப்படும் வலுவான கருத்து. ஒரு கப்பல் மூழ்கிய செய்தி மட்டும் போதாது. எதிர்பாராததே நடக்காது என்ற உத்தரவாதமும் தேவையில்லை. மிகைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். மத்ரஸாவில் அந்தப் பாடத்தை ஓதியபோது அது ஹஜ்ஜுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம். இப்போது விமான டிக்கெட்டுக்கும் அது பொருந்துவதாகத் தெரிகிறது.

தனிமனிதரின் பயம் கதையில் பாதிதான். பயணத்தை முடிவு செய்வது பல நேரங்களில் பயணியே அல்ல.

துனீசியாவை எடுத்துக்கொள்வோம். 2015 மார்ச் 18 அன்று தலைநகர் துனிஸிலுள்ள பார்தோ அருங்காட்சியகத்தில் வெளிநாட்டுப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஜூன் 26 அன்று சூஸா நகரக் கடற்கரையில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 38 பேரைக் கொன்றான். அவர்களில் 30 பேர் பிரிட்டிஷ் மக்கள். அது ரமளான் மாதத்தின் வெள்ளிக்கிழமை. அதே நாளில் குவைத்தில் ஜும்ஆ தொழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே குண்டு வெடித்து 27 பேர் இறந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சூஸாவில் ஓட்டல் பணியாளர்கள் கைகோத்து நின்று, மீதமிருந்த விருந்தினரை நெருங்கவிடாமல் தடுத்தார்கள் என்று அங்கிருந்த பிரிட்டிஷ் பயணிகளே பின்னர் கூறினார்கள்.

இரண்டு வாரத்தில் பிரிட்டிஷ் அரசு, அவசியமில்லாமல் துனீசியா போக வேண்டாம் என்று அறிவித்தது. இது வெறும் அறிவுரை போலத் தோன்றும். ஆனால் அரசு இப்படிச் சொன்னதும் அங்குள்ள பயணக் காப்பீடு பெரும்பாலும் செல்லாமல் போகிறது. காப்பீடு இல்லாமல் சுற்றுலா நிறுவனம் ஆளை அனுப்பாது. ஆள் இல்லாமல் சிறப்பு விமானம் பறக்காது. விமானம் வராத ஊரில் ஓட்டல் திறந்திருந்து பயனில்லை. ஆக, "நான் பயப்பட மாட்டேன், போவேன்" என்று ஒருவர் சொன்னாலும் அவரால் போக முடியாது. அந்த அறிவிப்பு துனீசியாவின் பெரும்பகுதிக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது 2017 ஜூலையில். பெரிய பிரிட்டிஷ் நிறுவனமான தாமஸ் குக் மீண்டும் பயணிகளை அழைத்து வந்தது 2018 பிப்ரவரியில். ஒரு துப்பாக்கிக்காரனின் அரை மணி நேரத்துக்கு ஒரு கடற்கரை ஊர் இரண்டரை ஆண்டுக்கு மேல் விலை கொடுத்தது.

அந்த ஆண்டுகளில் பயணிகள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடவும் இல்லை. வெயிலும் கடலும் தேடியவர்கள் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனார்கள். ஸ்பெயினுக்கு 2016இல் ஏழரைக் கோடிக்கும் மேல் பயணிகள் வந்தது அன்றைய சாதனை. மறு ஆண்டு ஆகஸ்டில் பார்சிலோனாவின் லாஸ் ராம்ப்ளாஸ் வீதியில் வேனை ஏற்றி மக்களைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு ஸ்பெயின் காலியானதா? 2017இல் சுமார் 8 கோடியே 18 லட்சம் பேர், 2018இல் அதைவிடவும் கூடுதல். 2015 நவம்பரில் பாரிஸில் ஒரே இரவில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். பிரான்சின் வருகை 2016இல் சற்றே குறைந்து, 2017இல் பழைய அளவைத் தாண்டியது.

இந்த வேறுபாட்டை நம்மவர்கள் பலர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், இஸ்லாமிய வெறுப்பு என்று. அது இல்லை என்று நாமும் சொல்ல மாட்டோம். ஆனால் அது மட்டும் காரணமல்ல. பாரிஸுக்கு வேலையாக வருபவர், படிக்க வருபவர், உறவினரைப் பார்க்க வருபவர் எனப் பல வகையினர் உண்டு. பலமுறை வந்தவருக்கு அந்த ஊர் தெரியும். ஒரு சம்பவத்தை வைத்து அதை அளக்க மாட்டார். சூஸாவுக்கு வந்தவரோ ஓட்டலும் கடற்கரையும் தவிர எதையும் பார்த்ததில்லை. அவருக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி அந்தத் தாக்குதல்தான். தெரியாத இடத்தின் மேல் பயம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. சென்னையில் ஒரு குண்டு வெடித்தால் நாம் மறுநாள் சென்னைக்குப் போவோம். ஸ்ரீநகர் என்றால் யோசிப்போம். இந்த விஷயத்தில் அந்தப் பிரிட்டிஷ் பயணிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் இலங்கை. அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் மூன்று தேவாலயங்கள். கொழும்பில் மூன்று நட்சத்திர ஓட்டல்கள். 260 பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டவர் 40க்கும் மேற்பட்டோர். செய்தவர்கள் நம் மொழி பேசியவர்கள், நம் கலிமாவைச் சொன்னவர்கள். இறந்த கிறிஸ்தவர்களில் ஏராளமானோரும் தமிழ் பேசியவர்களே. இதை எழுதும்போது நமக்குக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அடுத்து வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இராது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், இலங்கைக்கு 23 லட்சத்து 33 ஆயிரம் பயணிகள் வந்திருந்தார்கள். லோன்லி பிளானட் நிறுவனம் 2019இல் போக வேண்டிய நாடுகளில் இலங்கைக்கு முதலிடம் கொடுத்திருந்தது. தாக்குதல் நடந்த ஆண்டின் மொத்த வருகை 19 லட்சத்து 13 ஆயிரம். அதாவது 18 சதவீதச் சரிவு. கடையில் வியாபாரம் 18 சதவீதம் குறைந்தால் வருத்தம் இருக்கும், கடையை மூட மாட்டோம். ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவருக்கு இலங்கை தப்பிவிட்டது என்றே தோன்றும்.

மாதக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2018 மே மாதம் வந்தவர்கள் 1,29,466 பேர். 2019 மே மாதம் 37,802 பேர். அது 71 சதவீதச் சரிவு. ஜூனில் 57 சதவீதம், ஜூலையில் 47 சதவீதம், ஆகஸ்டில் 28 சதவீதம் எனச் சரிவு மெல்லக் குறைந்து, டிசம்பரில் 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. அரசும் சும்மா இருக்கவில்லை. ஓட்டல்களுக்கு வரியைக் குறைத்தது. சுற்றுலாத் துறையின் கடன் தவணைகளுக்கு அவகாசம் கொடுத்தது. ஆகஸ்டு 1 முதல் இந்தியா உட்பட 48 நாட்டவருக்குக் கட்டணமில்லா விசா அறிவித்தது. இந்தியப் பிரதமர் ஜூன் 9 அன்றே கொழும்பு வந்து கொச்சிக்கடை தேவாலயத்துக்குப் போனது, பயணம் செய்யலாம் என்ற சைகையாகப் பார்க்கப்பட்டது.

டிசம்பரில் மீண்டுவிட்டதே, பிறகென்ன? இங்கேதான் இலங்கையின் பருவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்கரையிலும் மேற்குக் கரையிலும் சுற்றுலாப் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. காலி, ஹிக்கடுவ, பெந்தோட்டை எல்லாம் அப்போதுதான் நிறையும். கிழக்குக் கரைக்கு இது தலைகீழ். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஏப்ரல் மே தொடங்கி செப்டம்பர் வரைதான் அங்கே கடல் பயணிகளுக்கு ஏற்றதாக இருக்கும்.

பொத்துவில் மக்கள் உல்லை என்று அழைக்கும் அறுகம்குடா அந்தக் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். பொத்துவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. 2004 சுனாமி அடித்து நொறுக்கிய இடமும்கூட. அதிலிருந்து எழுந்து, தங்கும் குடில்கள் போட்டு, அலைப்பலகை வாடகைக்கு விட்டு, முச்சக்கர வண்டியில் பயணிகளை அலை அடிக்கும் முனைகளுக்கு அழைத்துச் சென்று பிழைக்கிறார்கள். ஆண்டின் ஐந்தாறு மாத வருமானம் பன்னிரண்டு மாதத்துக்கு ஓட வேண்டும். ஏப்ரல் 21 என்பது அவர்களுக்குப் பருவம் தொடங்கும் நேரம். கூரை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, கடன் வாங்கி, எல்லாம் தயாராக வைத்திருக்கும் நேரம். தேசம் முழுவதும் 71, 57, 47 சதவீதம் சரிந்த மாதங்கள் எவையோ அவைதாம் உல்லையின் சம்பாதிக்கும் மாதங்கள். டிசம்பரில் நாடு மீண்டபோது அங்கே மழைக்காலம். அந்த மீட்சியில் அவர்களுக்குப் பங்கு இல்லை. 2020இல் அடுத்த பருவம் தொடங்குவதற்குள் கொரோனா வந்து விமான நிலையத்தையே மூடிவிட்டது.

தாக்குதலுக்குப் பின் ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் நடந்த மோதலும் வெடிப்பும், குழந்தைகள் உட்படப் பலர் இறந்ததும் அதே அம்பாறை மாவட்டத்தில்தான். வெளிநாட்டவர் வரைபடத்தில் பார்த்தால் அடுத்தடுத்த புள்ளிகள்! வெளிநாட்டவர் வராததோடு நிற்கவில்லை. மே மாத நடுவில் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரச்சாரம் நடந்தது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தாக்குதலைக் கண்டித்து, தாக்கியவர்களின் ஜனாஸாக்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோதும் அந்தப் பிரச்சாரம் ஓயவில்லை. வெளியாரின் பயமும் அண்டை வீட்டாரின் சந்தேகமும் ஒரே பருவத்தில் ஒரே ஆளின் தலையில் விழுந்தன. அவர் செய்த குற்றம், முச்சக்கர வண்டி ஓட்டியது.

அந்த ஊருக்கு 2024 அக்டோபரில் இன்னொரு சோதனை வந்தது. அறுகம்குடாவில் தாக்குதல் நடக்கலாம் என்று கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் மக்களை உடனே வெளியேறச் சொன்னது. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. சில வாரத்தில் அமெரிக்க எச்சரிக்கையும் விலக்கப்பட்டது. அரசுகள் எச்சரிப்பதைக் குறை சொல்ல முடியாது. 2019இல் முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்தும் மக்களுக்குச் சொல்லாமல் விட்டதுதானே இலங்கையின் பெரிய குற்றச்சாட்டு. சொன்னாலும் நட்டம், சொல்லாவிட்டால் உயிர் நட்டம். சொல்வதே சரி. ஆனால் அந்த நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வியை எச்சரிப்பவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

ஓர் இடம் எவ்வளவு காலத்தில் மீளும் என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 1991 முதல் 2001 வரை நடந்த தாக்குதல்களையும் பயணிகள் வருகையையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட எத்தனை முறை தாக்குதல் நடக்கிறது என்பதே வருகையை அதிகம் பாதிக்கிறது என்று தெரிந்தது. பெரிய தாக்குதல் ஒன்று நடந்து, பிறகு அமைதி நிலைத்தால் ஓராண்டுக்குள் மக்கள் திரும்புகிறார்கள். சிறிய தாக்குதல்கள் அடிக்கடி நடந்தால் திரும்புவதில்லை.

பாலித் தீவில் இது அப்படியே நடந்தது. 2002 அக்டோபர் 12 அன்று கூட்டா பகுதியின் கேளிக்கை விடுதிகளில் வெடித்த குண்டுகளுக்கு 202 பேர் பலி. வெளிநாட்டவர் வருகை 2003இல் 10 லட்சத்துக்குக் கீழே போய், 2004இல் 14 லட்சத்தைத் தாண்டி, தாக்குதலுக்கு முந்தைய அளவையும் மிஞ்சியது. 2005 அக்டோபரில் மீண்டும் குண்டு. இறந்தவர்கள் 20 பேர், முதல் தாக்குதலில் பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் 2006இல் வருகை மறுபடியும் சுமார் 12 லட்சத்து 60 ஆயிரமாக இறங்கியது.

எகிப்தில் 1997 நவம்பர் 17 அன்று லக்சரில், ஹத்ஷெப்சுத் ராணியின் கோயிலில் 58 வெளிநாட்டவரும் 4 எகிப்தியரும் கொல்லப்பட்டார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்பு கெய்ரோவின் அறிக்கைகளோடு நிற்கவில்லை. லக்சரின் குதிரை வண்டிக்காரரும் படகோட்டியும் கல் சிற்பம் விற்பவரும் கொதித்தார்கள். பயணிகளைத் தாக்கினால் அரசு வீழும் என்பது அந்தக் குழுவினரின் கணக்கு. வீழ்ந்தது வண்டிக்காரரின் அடுப்பு. அல் ஜமாஆ அல் இஸ்லாமிய்யா என்ற அந்த அமைப்பின் தலைவர்கள் வன்முறையைக் கைவிடும் அறிவிப்பில் 1999இல் உறுதியாக நின்றார்கள். தாங்கள் நடந்த பாதை தவறு என்று பிற்பாடு சிறையிலிருந்தே நூல்கள் எழுதினார்கள். அந்த 1999இல் எகிப்துக்கு வந்த பயணிகள் சுமார் 48 லட்சம், தாக்குதல் நடந்த ஆண்டைவிடக் கூடுதல்.

இங்கே மார்க்கம் தொடர்பான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் நம் இளைஞர்கள் சிலர் இதைத் தெளிவில்லாமல் பேசக் கேட்டிருக்கிறோம். ஃபிக்ஹில் அமான் என்றொரு பாடம் உண்டு. அபயம் என்று பொருள். வேற்று நாட்டிலிருந்து வரும் ஒருவருக்கு ஒரே ஒரு முஸ்லிம் அபயம் கொடுத்துவிட்டாலும் அது மொத்தச் சமுதாயத்தையும் கட்டுப்படுத்தும். மக்கா வெற்றி நாளில் உம்மு ஹானி (ரலி) ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். அவர்களின் சகோதரர் அலீ (ரலி) அதை ஏற்காதபோது, உம்மு ஹானி கொடுத்த அபயம் நாம் கொடுத்த அபயமே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு பெண் வாய்ச்சொல்லாகக் கொடுத்த பாதுகாப்பு அது. இன்று ஓர் அரசு முத்திரை குத்திக் கொடுக்கும் விசாவும், ஓட்டல்காரர் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் அறையும், குதிரைக்காரர் "ஏறுங்கள், நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று சொல்வதும் அமான் அல்லாமல் வேறென்ன? உடன்படிக்கையில் இருப்பவரைக் கொல்பவன் சொர்க்கத்தின் வாடையைக்கூட நுகர மாட்டான் என்ற எச்சரிக்கை புகாரியில் பதிவாகியிருக்கிறது. பைசரனில் இறந்த அந்தக் குதிரைக்கார இளைஞர், தாக்கியவர்களைத் தடுக்கப் போய்ச் சுடப்பட்டார் என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். அமானின் பாடத்தை அவர் எந்த மத்ரஸாவிலும் ஓதியிருக்க வேண்டியதில்லை.

காஷ்மீரில் அதன் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மறுநாளே பள்ளத்தாக்கு முழுவதும் கடைகளை அடைத்து மக்கள் தெருவில் இறங்கிக் கண்டித்தார்கள். பயணிகள் கிடைத்த விமானத்தில் கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் அரசு, ஜம்மு காஷ்மீரின் 87 சுற்றுலா இடங்களில் 48ஐ மூடியது. ஜூனிலிருந்துதான் அவற்றைப் படிப்படியாகத் திறந்தார்கள். ஏப்ரல், மே, ஜூன் என்பது காஷ்மீருக்கு உல்லையின் மே, ஜூன், ஜூலை போன்றது. நம் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் மாதங்களும் அவைதாம்.

திங்கட்கிழமை அந்தச் சகோதரர் வந்தபோது நாம் இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்று விஷயம் கேட்டோம். நீங்கள் போவதாக இருந்த இடங்கள் திறந்திருக்கின்றனவா? அரசு என்ன சொல்கிறது? நிலைமை ஓய்கிறதா, கூடுகிறதா? இரண்டு நாடுகளும் போர்ப் பேச்சு பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கூடுகிறது என்பதே நேர்மையான பதில். வயதான தாயாரையும் சிறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இப்போது போக வேண்டாம் என்றே சொன்னோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் இது. மே 7 முதல் ஸ்ரீநகர் விமான நிலையம் மூடப்பட்டு, அவர்கள் போக வேண்டிய விமானமே ரத்தானது. விமானக் கட்டணம் முழுவதும் திரும்பி வந்தது.

படகு வீட்டு முன்பணம்தான் பிரச்சினை ஆனது. படகுக்காரர் பணத்தைத் திருப்பித் தர இரண்டு மாதம் அவகாசம் கேட்டார். வந்த முன்பணங்களையெல்லாம் படகைப் பழுது பார்க்கச் செலவழித்துவிட்டாராம். சகோதரரின் மகன் கல்லூரியில் படிப்பவன். இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ஏமாற்றுக்காரர் என்று எழுதத் தயாராகிவிட்டான். "ஹஜ்ரத், அது நம்ம காசுதானே?" என்று நம்மிடமே கேட்டான்.

அவன் கேட்டதில் தவறில்லை. வராவிட்டால் முன்பணம் போய்விடும் என்ற நிபந்தனை ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் செல்லாது. ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. நம் மத்ஹபின்படி அந்த 20 ஆயிரம் அவர்களுடையது, படகுக்காரர் கடனாளி. அதை மறைக்காமல் சொன்னோம். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி குர்ஆன் சொல்வதையும், விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்பதையும் சேர்த்தே சொன்னோம். கூடவே ஒன்று கேட்டோம்: "நீங்க பயணத்தை ரத்து பண்றீங்களா, தள்ளி வைக்கிறீங்களா? ரத்துன்னா அவர் உங்களுக்குக் கடன்காரர். தள்ளி வச்சா, நீங்க அவருக்கு வரப்போற விருந்தாளி. ரெண்டும் அவருக்கு ஒண்ணு இல்ல."

ஓட்டல்காரர்கள், வண்டிக்காரர்கள் பலரும் சொல்வது இதுவே. ரத்தாகும் முன்பதிவு அவர்கள் கையிலிருந்து ரொக்கத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தள்ளிவைத்த முன்பதிவைக் காட்டி அரிசிக் கடையில் கடன் கேட்கலாம், வேலையாளை நிறுத்தாமல் வைத்துக்கொள்ளலாம். பெரிய ஓட்டலுக்கு வங்கி அவகாசம் தரும், அரசு வரியைக் குறைக்கும். ஒற்றைப் படகு வைத்திருப்பவருக்கு அவகாசம் தரக்கூடியவர் அவருக்கு முன்பணம் அனுப்பியவர் மட்டுமே.

பையன் முழு மனதோடு ஒப்புக்கொண்டான் என்று சொல்ல மாட்டோம். நட்சத்திரம் போடவில்லை. அவனுடைய வாப்பா படகுக்காரரிடம் பேசினார். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த ஏப்ரலில் வருகிறோம், அதற்குள் நிலைமை மோசமானால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதை வாட்ஸ்அப்பில் எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வதும் அதே குர்ஆன்தானே. விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.